இடியப்பத் தட்டும் இரண்டு தோட்டங்களும்

எங்கள் ஒழுங்கை முனையில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். பின்னேரம் நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் இரவு எட்டு வரை ஓயாது. 2023 அக்டோபரில் இலங்கையில் ஸ்ட்ரோ, யோகட் கரண்டி, பிளாஸ்டிக் மாலை இவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கும் தடை வந்தது. அடுத்த கிழமையே அக்கா என்னை மறித்தார். "தங்கச்சி, நீங்கள் மூங்கில் வேலைதானே செய்யிறீங்கள். எனக்கு நூறு தட்டுப் பின்னித் தாங்கோவன்."

சரி என்று சொல்லிவிட்டேன். விலையும் அந்த இடத்திலேயே சொன்னேன், தட்டுக்கு 120 ரூபாய். அப்போது மூங்கிலில் கை வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெரியாதவர்களுக்குத்தான் விலை அவ்வளவு வேகமாக வாயில் வரும்.

நான் அச்சகமொன்றில் வேலை செய்தவள். 2022இல் கடதாசி இறக்குமதி நின்று, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும். பரீட்சைத் தாளுக்கே அந்தக் கதி என்றால் கல்யாணக் கார்டு அடிக்கிற அச்சகத்தின் கதியைச் சொல்லத் தேவையில்லை. வேலை போனது. வீட்டில் இருந்த மாதங்களில் மனதில் பழைய காட்சியொன்று அடிக்கடி வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். சரிந்த மேட்டின் வெட்டுமுகத்தில் ஷொப்பிங் பைகள் படை படையாகத் தெரிந்தன. நாங்கள் கொண்டுபோன பார்சலும் லஞ்ச் ஷீட் என்கிற பொலித்தீன் தாளில்தான் சுற்றியிருந்தது. அந்த வெட்கம் போகவில்லை.

ஆனால் வெட்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கூடை பின்ன முடியாது. அதற்கு அயலில் இருந்த ஒரு தாத்தா வேண்டியிருந்தது.

கொழும்பில் 'தோட்டம்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று மலையகத்துத் தேயிலைத் தோட்டம். மற்றது நகரத்துக்குள்ளே சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு தண்ணீர்க் குழாயைப் பல வீடுகள் பங்குபோடும் தோட்டம். தாத்தா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். சின்ன வயதில் தகப்பனோடு உட்கார்ந்து கொழுந்துக் கூடை முடைந்திருக்கிறார். பிறகு பிளாஸ்டிக் கூடையும் நைலோன் பையும் வந்தன, முடைகிற வேலை இல்லாமல் போயிற்று. புறக்கோட்டைச் சந்தையில் நாட்டாமியாக மூட்டை சுமந்து இடுப்புப் போனபின் வீட்டோடு இருந்தார். பொழுது போகாமல் தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தியொன்றால் மூங்கில் சீவிக்கொண்டிருந்தவரிடம்தான் நான் போய் நின்றேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "படிச்ச பிள்ளை, கூடை பின்னப் போறியோ? ஆரும் கேட்டா என்ன சொல்லுறது?" யாழ்ப்பாணத்தில் பனையோலைக் கடகம் பின்னுவது அம்மாவுக்குக் கைவேலை. மூங்கில் கூடை முடைவது மட்டும் வேறு சாதிக்காரரின் தொழில். இந்த வித்தியாசத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூங்கிலைப் பற்றி எழுதுகிறவர்கள் சுற்றுச்சூழலைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், இதைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் வந்தபோது முடைகிறவர்களின் பிள்ளைகள் தொழிலை விட்டதற்கு வருமானம் மட்டுமா காரணம்? கூடையைக் கைவிட்டால் கூடவே அந்தப் பெயரும் போகும் என்ற நிம்மதியும் அதில் இருந்தது.

முதல் மாதம் முழுவதும் பிளக்க மட்டுமே படித்தேன். கத்தியை நுனிப் பக்கம் வைத்துத் தொடங்கச் சொல்வார் தாத்தா. பாதியில் பாதி, அதில் பாதி என்று பிளந்துகொண்டு போகவேண்டும். எப்போதும் இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கவேண்டும், பிளவு ஒரு பக்கம் ஓடத் தொடங்கினால் மெலிந்த பக்கத்தைத்தான் தின்றுகொண்டு போகும். பதறி மெல்லிய பக்கத்தை இழுத்தால் போச்சு, சிம்பு, அதாவது பிளந்தெடுக்கும் கீற்று, பாதியில் அறுந்துவிடும். தடித்த பக்கத்தை வளைத்தால் பிளவு தானாக நடுவுக்கு வரும். "கொழுத்தவன வளச்சாத்தான் நேராப் போகும் புள்ள" என்றார். நான் அரசியல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் மூங்கிலைத்தான் சொன்னார்.

மூங்கில் வாங்க 122 பஸ்ஸில் அவிசாவளைப் பக்கம் போவோம். தனியார் காணியொன்றில் மஞ்சள் மூங்கிலும் பச்சை மூங்கிலும் குத்துக் குத்தாக, புதர்போல் கூட்டமாக நிற்கின்றன. தடிப்பான கழிதான் முத்தல் என்று நினைத்திருந்தேன். அது தவறு. மூங்கில் புல் இனம். நிலத்திலிருந்து வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. சில மாதங்களில் முழு உயரமும் வந்துவிடும். அதன் பிறகு வளர்வதில்லை, முற்றுவது மட்டும்தான். ஆகவே தடிப்பைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கணுவில் பழைய மடல் ஒட்டியிருந்தால், தோலில் மாப் பூசினதுபோல் வெள்ளை இருந்தால் அது இந்த வருடத்தது, தொடக்கூடாது. தோல் மங்கி, பாசிப் பொட்டு விழுந்து, தட்டினால் கணீரென்று கேட்டால் முத்தல். பின்னுவதற்குத் தாத்தா இரண்டு வருடக் கழியைத் தெரிந்தெடுப்பார், பந்தலுக்கும் ஏணிக்கும் நான்கு வருடத்தது. இப்போது காணிக்காரர் ஒவ்வொரு வருடக் குருத்துக்கும் ஒரு நிறப் பெயின்ட் பொட்டு வைக்கிறார். செவியில் நம்பிக்கை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

வெட்டும்போது நிலத்தோடு ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலேயே வெட்டவேண்டும். கணுவிடையின் நடுவில் வெட்டிவிட்டு வந்தால் மிஞ்சுகிற கட்டை ஒரு குவளை. மழைத் தண்ணீர் நின்று வேர்க்கட்டையும் அழுகும், டெங்கு நுளம்பும் முட்டையிடும். கொழும்பில் பூச்சாடித் தட்டுக்கே வழக்குப் போடுகிற காலத்தில், சுற்றாடலுக்காக மூங்கில் வெட்டி நுளம்பு வளர்த்தோம் என்று பெயர் எடுக்கக்கூடாது. குத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே முறையில் எடுப்பதில்லை. ஆற்றங்கரை மூங்கிலைத் தொடுவதும் இல்லை, கரையைப் பிடித்துவைத்திருப்பது அதன் வேர்தான்.

இனி எங்கள் மானம் போன கதை.

2023 ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினத்துக்கு ஒரு நிறுவனம் 150 பேனைக் குவளை கேட்டது. ஒரு கணுவை அடியாக விட்டு அறுத்து, உரசி, மெழுகு பூசினால் குவளை தயார். பின்னல்கூட இல்லை, சின்ன வேலை. ஒவ்வொன்றிலும் பச்சை இலைப் படமும் ஒட்டிக் கொடுத்தோம். மூன்று கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. "உங்கள் குவளையிலிருந்து மா கொட்டுகிறது." போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேசையில் குவளைக்குக் குவளை வெளிர்மஞ்சள் தூள், குண்டூசி குத்தினதுபோல் ஓட்டைகள். எடுத்துத் தட்டினால் உள்ளேயிருந்து சின்னக் கறுப்பு வண்டு நடந்து வருகிறது. மிச்சக் காசு தரமாட்டோம் என்றார்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் பிழை எங்களுடையது. உளுக்கிற மூங்கிலை அவசரத்துக்கு விற்றிருந்தோம்.

அந்த வண்டுக்கு வேண்டியது மூங்கிலில் உள்ள மாச்சத்து. குருத்து விடுவதற்கு முன் குத்து மாச்சத்தைச் சேர்த்துவைக்கும், அந்த நேரம் வெட்டினால் வண்டுக்கு விருந்து. மழை முடிந்து குருத்தெல்லாம் எழும்பிய பிறகு, வறண்ட மாதங்களில் வெட்டுவது நல்லது. தாத்தா அதற்கு மேல் தேய்பிறையும் பார்ப்பார். நான் வாதாடுவதில்லை. தேய்பிறைக்குக் காத்திருந்தால் அவசரப்பட்டு வெட்டமாட்டோம், அந்த இலாபம் நிச்சயம்.

பழைய முறை, தண்ணீரில் இரண்டு மூன்று மாதம் ஊறப்போடுவது. மாச்சத்துக் கரைந்து போய்விடும். நான் வீட்டு முற்றத்தில் பெரல் வைத்து ஊறப்போட்டேன். பத்தாம் நாள் எழுந்த நாற்றத்தில் ஒழுங்கையே திரண்டு வந்தது. ஓடுகிற தண்ணீர் அல்லது பெரிய குளம் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். இப்போது அவிசாவளையிலேயே ஊறப்போடுகிறோம். அவசர வேலைக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும்: 100 லீட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெங்காரம், 2 கிலோ போரிக் அமிலம். பிளந்த சிம்பு நான்கைந்து நாளில் ஊறிவிடும். முழுக் கழி என்றால் உட்கணுக்களை நீண்ட கம்பியால் குத்தித் துளைத்து இரண்டு கிழமை விடவேண்டும். பிறகு நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். மிஞ்சிய கரைசலை வடிகானில் ஊற்றாதீர்கள். செடிகொடிக்கு அது நஞ்சு. நாங்கள் மூடி வைத்து, குறைந்ததை நிரப்பித் திரும்பத் திரும்பப் பாவிக்கிறோம்.

இந்தப் பாடம் முடிந்து கை கழுவுகிற நேரத்தில்தான் இடியப்ப அக்காவின் ஓடர் வந்தது. வெங்காரம் போட்ட மூங்கிலில் சாப்பாடு வைக்கக்கூடாது! கற்றதெல்லாம் பயனில்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

முதல் பத்துத் தட்டைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அக்கா திருப்பிக்கொண்டு வந்தார். இடியப்பம் ஒட்டுகிறது, அதைவிட மோசம், ஒரு வாடிக்கையாளரின் இடியப்பத்தில் சிராய் வந்திருக்கிறது. அம்மாதான் பிழையைப் பிடித்தார். தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பனையீர்க்குத் தட்டெண்டா வழுவழுப்பு மேல இருக்கும். நீங்கள் வயித்துப் பக்கத்தை மேல விட்டிருக்கிறீங்கள்" என்றார். உண்மைதான். மூங்கிலின் தோல் பக்கம் மினுக்கம், மா ஒட்டாது. உள்பக்கம் மெத்தென்றிருக்கும், ஈரத்தைக் குடிக்கும், நார் கிளம்பும். அதன்பின் தோல் சிம்பு மட்டும் எடுத்து, இரண்டு ஓரத்தையும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, பின்னி முடித்த தட்டை அரை மணித்தியாலம் கொதிக்கவைத்துக் காயப்போட்டோம். உள்பக்கச் சிம்பு வீணில்லை, அடுப்புக்குப் போயிற்று.

வண்டு? அந்தத் தட்டுகளில் இதுவரை வரவில்லை. தினமும் ஆவியில் வேகிற தட்டில் அது எப்படிக் குடியிருக்கும்? வந்தது பூஞ்சணம். மே மாதத்து மழையில் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததில் இரண்டே நாளில் கறுப்புப் பொட்டு. இப்போது அக்கா அடுப்புக்கு மேல் கயிறு கட்டி, மீன் கோத்ததுபோல் தட்டுகளைத் தொங்கவிடுகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். என் அனுபவத்தில் மூங்கில் சாமான் அதிகம் கெடுவது சும்மா வைக்கும்போதுதான். 'சுற்றாடலுக்கு உகந்தது' என்று வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தால் உளுத்துவிடும். அப்புறம், புறக்கோட்டையில் 'மூங்கில் கப்' என்று விற்பதையெல்லாம் நம்பவேண்டாம். மூங்கில் தூளை மெலமைன் பிசினில் கலந்து வார்த்தவை பல. அது பிளாஸ்டிக்தான், மூங்கில் பெயருக்கு.

விலைக்கு வருகிறேன். தோட்டத்தில் நான்கு பெண்கள் எங்களோடு சேர்ந்திருந்தார்கள். ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைக் கீழே இறக்கி நடுவில் வைத்துவிட்டுப் பின்னினோம். பிளந்து, சீவி, சுரண்டி, பின்னி, வாய் (விளிம்பு) கட்டி முடிக்க ஒரு தட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். 120 ரூபாய்க்கு விற்றால், எட்டு மணித்தியாலம் முதுகு நோகக் குந்தியிருந்து மூங்கில் காசும் கழித்து வருவது கூலியாளின் சம்பளத்தில் பாதியும் இல்லை. ஏழைப் பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று வெளியே சொல்லிக்கொண்டு நானே அவர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், கண்ணாடித் துண்டு இல்லாமல்.

அக்காவிடம் போய் 300 என்றேன். முகம் சுருங்கிற்று. "அந்தக் காசுக்கு முந்தி அஞ்சு தட்டு வாங்கினனான்." அவர் சொன்னதும் நியாயம், அவருடைய இடியப்பத்தின் விலையை யார் கூட்டித் தருவார்கள்? இரண்டு நாள் கதைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நூறு தட்டு வேண்டாம், அடுப்பில் ஒரு தடவை ஏறுவது இருபது என்றால் நாற்பது போதும். வாய்க்கட்டு விட்டால் 50 ரூபாய்க்குத் திருத்திக் கொடுப்போம். இந்தத் திருத்தும் பேச்சு மட்டும் இல்லாவிட்டால் அந்த ஓடர் அன்றோடு போயிருக்கும்.

தட்டை மட்டும் நம்பி இத்தனை பேர் சாப்பிட முடியாது. எங்களைக் காப்பாற்றியது வெறும் சிம்புக் கட்டு. இதைச் சொல்லித்தந்தவர் தோட்டத்தின் கடைசி வீட்டுச் சிங்கள அக்கா. மூங்கிலை 'உண' என்றும், ஈரவலயத்தில் வளரும் மெல்லிய ஓடைமூங்கிலை 'பட்ட' என்றும் எனக்குப் பிரித்துக் காட்டியதும் அவர்தான். மே மாதத்தில் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டச் சிம்பு. தென்மேற்குக் காற்று எழும்பினால் காலி முகத்திடலில் பட்டம் விடுகிறவர்களுக்குச் சிம்பு. டிசம்பரில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளுக்கு நத்தார் நட்சத்திரத்துக்கும் பாலன் குடிலுக்கும் சிம்பு. ஒரே கத்தி, ஒரே தடிப்பு. நீளத்தை மட்டும் மாற்றி வெட்டுகிறோம். பின்னலில் கை வராத பெண்ணும் இதில் முதல் கிழமையே காசு பார்க்கலாம். புதிதாக ஒரு குழு தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கைப்பையும் விளக்குக் கூடும் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் ஊரில் எந்த மாதம் யாருக்குச் சிம்பு தேவைப்படுகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

எல்லாம் கைகூடியது என்று சொல்லமாட்டேன். நால்வரில் இருவர் போய்விட்டார்கள். ஒருவர் ஆடைத் தொழிற்சாலைக்கு, மற்றவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு. மாதம் முடியச் சம்பளம் வருகிற இடத்துக்குப் போனவர்களை எப்படிக் குறை சொல்வது? இருக்கிற இருவருக்கும் காசு அவரவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதற்காக ஒரு வீட்டில் சண்டை நடந்தது, அதற்குள் நான் போகவில்லை.

போன வருடம் தாத்தாவைக் கைவினைஞராகப் பதிவு செய்ய விண்ணப்பம் நிரப்பினோம். தொழில் என்ற கட்டம் வந்ததும் பழக்கத்தில், "கூலின்னு போடு புள்ள" என்றார். நான் 'மூங்கில் கைவினைஞர்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கு நாளைக்கி எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு உட்கார்ந்து எங்கள் சாமான் எல்லாவற்றுக்கும் மணித்தியாலக் கணக்கில் விலைப்பட்டியல் எழுதினேன். சுளகு ஒரு நாள் வேலை, 2,700 ரூபாய். தாத்தாவின் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இந்தத் தைப்பொங்கலுக்கு முன் அம்மா அந்தக் கதவடிக்குப் போனார். பிளாஸ்டிக் சுளகில் அரிசி புடைத்தால் கல் பிரியவில்லையாம். இருந்ததில் ஒன்றை எடுத்துத் தோல் பக்கம் பார்த்து, விளிம்பைத் தடவி, "ரெண்டாயிரத்துக்குத் தாங்கோவன் ஐயா" என்றார்.

தாத்தா சிம்பு சீவிக்கொண்டிருந்தார், கத்தியை நிறுத்தவில்லை. "ஒரு நாள் வேலைங்கம்மா" என்றார்.

அம்மா பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேர்ஸைத் திறந்தார்.